நெல்லையிலிருந்து வெளிமாநிலம்: குடிபெயரும் முன் போட வேண்டிய முழுக் கணக்கு

பாளையங்கோட்டையில் மாதம் 42,000 ரூபாய் கையில் வாங்குகிறவருக்குப் பெங்களூரிலிருந்து 70,000 என்று கடிதம் வந்தால், வீட்டில் எல்லாரும் 28,000 கூடுதலாகக் கிடைக்கப் போகிறது என்றுதான் பேசுவார்கள். அதில் பாதிக்குமேல் வாடகையும் பள்ளியும் தின்றுவிடும் என்பது தெரிந்ததுதான். கணக்கில் வராமல் போவது வேறு இரண்டு. ஒன்று, நெல்லையில் துட்டு கொடுக்காமலே கிடைத்துக்கொண்டிருந்தவை. இன்னொன்று, நீங்கள் போன பிறகும் நெல்லையில் தொடரும் செலவு. இவற்றை விட்டுவிட்டுப் போடும் கணக்கு எப்போதும் லாபம்தான் காட்டும்.

திருநெல்வேலி, தென்காசி பக்கத்திலிருந்து பெங்களூர், திருவனந்தபுரம், ஐதராபாத், மும்பை போக நினைக்கும் நான்கு பேர் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது இது. ஒரு நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். வாடகை, விலை என்று இங்கே வரும் மாதிரி எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம், திட்டம் பற்றிய எண்கள் உள்ளபடியே தந்தவை.

படி 1: முதலில் ஊர்ச் செலவு

புது ஊர் விலையைத் தேடுவதற்கு முன் இங்கே என்ன ஆகிறது என்று எழுதுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் ஜிபே வரலாற்றையும் எடுங்கள். ஒரு மாதம் போதாது. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியில் கோயில் கொடை (திருவிழா), ஐப்பசியில் தீபாவளி என்று நம் செலவு மாதத்துக்கு மாதம் மாறும். ஆண்டுச் செலவைக் கூட்டி 12-ஆல் வகுத்தால்தான் உண்மையான மாதச் செலவு வரும்.

அடுத்து, தனிப் பக்கத்தில் துட்டில்லாமல் வருவதை எழுதுங்கள். வயல் பங்கு நெல், வீட்டுத் தேங்காய், முருங்கைக்காய், கருவேப்பிலை, ஊரிலிருந்து வரும் புளி, மிளகாய் வற்றல், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் கடை விலை போடுங்கள். மாதம் 20 தேங்காய், 25 கிலோ அரிசி என்று எழுதிப் பார்த்தாலே இரண்டாயிரத்தைத் தாண்டும்.

இந்தப் பக்கத்தின் பெரிய வரி ஆச்சிதான் (பாட்டி). பள்ளி விட்டு வரும் பிள்ளையை மூன்றரை மணியிலிருந்து ஆறரை மணி வரை ஆச்சி பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், புது ஊரில் அதற்கு டேகேர் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் கணவன் மனைவியில் ஒருவர் வேலையை விட வேண்டும். மனைவியும் சம்பாதிக்கும் வீட்டில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. அவர் இங்கே வாங்கும் சம்பளம் புது ஊரில் முதல் ஆறு மாதம் வராது என்று வைத்தே கணக்கைத் தொடங்குங்கள்.

படி 2: கடிதத்தில் உள்ள சம்பளம், கைக்கு வரும் சம்பளம்

கடிதத்தில் இருப்பது ஆண்டு சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், ஆண்டு முடிவில் தரும் ஊக்கத்தொகை எல்லாம் கலந்திருக்கும். ஹெச்.ஆரிடம், "முதல் மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள். ஊக்கத்தொகையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வந்தால் அது வரவு.

புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு கிடையாது. பாளையங்கோட்டையில் 9,000 வாடகை, பெங்களூரில் 22,000 வாடகை, இரண்டுக்கும் வரிச் சலுகை ஒன்றுதான்: சுழி. பழைய முறையில் இருந்தால் வாடகை ரசீது வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் எண்ணும் வேண்டும். சில வீட்டுக்காரர்கள் பான் தரமாட்டார்கள், வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தொழில் வரியைப் பெரிதாக நினைக்க வேண்டாம். எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. நெல்லையில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பதைப் பெங்களூரிலும் மும்பையிலும் மாதம் 200 என்று பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது இப்போதைய வேலையின் கிராஜுவிட்டி. ஐந்து வருடம் முடியாமல் விலகினால் பொதுவாக அது போய்விடும். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 20,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 57,700 ரூபாய். நாலே கால் வருடம் முடித்தவர் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

படி 3: வீடு

வாடகை எவ்வளவு என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். ஆறு கேள்வி கேட்க வேண்டும்: வாடகை, பராமரிப்புக் கட்டணம், அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், ஆண்டு உயர்வு, காலி செய்யும்போது பிடித்தம்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவருகிறார்கள், பேரம் பேசலாம். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே சர்வசாதாரணம். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் அதையும் செலவாகவே எழுதுங்கள். அடுக்குமாடி வீடென்றால் பராமரிப்பு தனி. கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில், 2024 கோடையில் நடந்ததுபோல, அந்தத் தொகை எகிறும். "மார்ச் முதல் மே வரை பராமரிப்பு எவ்வளவு வந்தது?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் காவலாளியிடமோ பக்கத்து வீட்டிலோ கேளுங்கள். சரியான பதில் வரும்.

நம் பக்கத்து ஒத்தியைப் பெங்களூரில் "லீசு" என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. நெல்லையில் ஒத்திக்கு இருந்து பழகியவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இங்கே வீட்டுக்காரர் யார், அவர் அப்பா யார் என்று தெரியும், அங்கே தெரியாது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் ஏலத்துக்குப் போனால் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்று பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் லீசுக்குப் போகாதீர்கள்.

மும்பையில் "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்ற 11 மாத ஒப்பந்தம். மகாராஷ்டிரத்தில் இதைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. வாடகை அதிகமானாலும் அட்வான்ஸ் பெங்களூர் அளவுக்கு இருக்காது. ஒவ்வொரு 11 மாதத்துக்கும் புதுப்பிக்கும்போது புரோக்கர் மறுபடி கை நீட்டுவார், அதையும் கணக்கில் வையுங்கள். தாராவியில் நெல்லைச் சீமைக்காரர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே சொந்தம் இருந்தால் வீடு பார்க்க அதைவிட நல்ல புரோக்கர் கிடையாது.

ஐதராபாத்தில் அட்வான்ஸ் பெரும்பாலும் இரண்டு மாதம். திருவனந்தபுரத்தில் வாடகை பெங்களூரைவிட நன்றாகவே குறைவு, அட்வான்ஸ் ஆளைப் பொறுத்தது.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பெங்களூரில் 22,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 1,32,000 ரூபாயை வட்டியில்லாமல் மூன்று வருடம் முடக்குகிறீர்கள். 7 சதவீத வைப்பு வட்டி என்றால் ஆண்டுக்கு 9,240, மாதம் 770. நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் அந்த வட்டியையே எழுதுங்கள்.

படி 4: மின்சாரம், தண்ணீர், கேஸ்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். பெங்களூரிலும் மும்பையிலும் மாதா மாதம் பில். ஒப்பிடும்போது நம் பில்லைப் பாதியாக்கிப் பாருங்கள், பலர் இதில் தவறுகிறார்கள்.

கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்காரருக்கும் உண்டு. ஆனால் 200 யூனிட்டும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பொதுவாக அந்த மீட்டரின் 2022–23 சராசரியோடு 10 சதவீதம் சேர்த்த அளவுதான் இலவசம். அதைத் தாண்டினால் தாண்டியதற்குக் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். முன்பு இருந்தவர் தன் ஆதாரை அந்த மீட்டரிலிருந்து நீக்கிவிட்டாரா என்று சாவி வாங்குவதற்கு முன் கேளுங்கள். நீக்கவில்லை என்றால் உங்கள் பெயரில் பதிய முடியாமல் அலைய வேண்டிவரும்.

கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. ஏ.சி. இருக்கும் வீடு ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

பெங்களூர் போகிறவர் ஏ.சி.யை விற்றுவிட்டுப் போகலாம். கீசர் இல்லாமல் இருக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குவதாக இருந்தால் நான்கு பேருக்கு மாதம் 15 கேன் ஆகும்.

கேஸ் இணைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், நீலப் புத்தகத்தை ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்குங்கள். நீங்கள் என்றோ கட்டிய டெபாசிட் தொகைதான் திரும்ப வரும். கேஸை முழுக்கத் தீர்த்துவிட்டுக் கொடுங்கள், மிச்ச கேஸுக்குக் காசு கிடையாது.

படி 5: அடுப்படி

விலைப்பட்டியலை ஒப்பிடும் இணையதளங்கள் இங்கே உதவாது. அவற்றில் பாஸ்மதியும் கோழி நெஞ்சுக்கறியும் இருக்கும், உங்கள் வீட்டில் வாங்கும் அம்பை அரிசியும் சாளை மீனும் இருக்காது. நீங்களே 25 பொருள் எழுதுங்கள்: புழுங்கல் அரிசி, இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, நல்லெண்ணெய், தேங்காய், பால், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், மீன், முட்டை என்று. அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் வாட்ஸப்பில் அனுப்பி, அவர் வாங்கும் கடை விலையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எங்கே வித்தியாசம் பெரிதாக வரும் என்றால் நம் பழக்கத்துக்குரிய பொருளில்தான். பெங்களூர்க் கடைகளில் சோனா மசூரி பச்சரிசி மலிவாகக் கிடைக்கும், நம் புழுங்கல் அரிசிக்குத் தேட வேண்டும். கேரளத்தில் மட்டை அரிசி சாப்பிடப் பழகினால் செலவு குறையும், பழகாதவர்களுக்குக் கூடும். காய்கறியில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை வழியாக மலையேறிப் போகும் காயைத்தான் தென்கேரளத்தில் நிறையப் பேர் வாங்குகிறார்கள். லாரி வாடகையும் இரண்டு வியாபாரி லாபமும் அதில் ஏறும். ஓணத்துக்கு முந்தின வாரம் இன்னும் ஏறும்.

ஊரிலிருந்து அரிசி மூட்டை வரவழைப்பது லாபமா என்பது எடையைப் பொறுத்தது. 25 கிலோவுக்குப் பார்சல் கட்டணம் 250 ஆனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுகிறது. சொந்த வயல் நெல் என்றால் அப்போதும் லாபம். கடையில் வாங்கி அனுப்புவதானால் பெரும்பாலும் நட்டம். ரேஷன் அரிசியை மட்டும் மூட்டை கட்டாதீர்கள். கேரளத்துக்குக் கொண்டுபோவது குற்றம், எல்லைச் சோதனையில் பிடிப்பார்கள்.

படி 6: பள்ளி

வாடகைக்கு அடுத்தபடி அதிகமாகக் கூடும் செலவு இது. எண்ணில் எழுத முடியாத இழப்பும் இதில்தான் இருக்கிறது.

கட்டணத்தை நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: ஒரு தடவை கட்டும் அட்மிஷன் தொகை, ஆண்டுக் கட்டணம், புத்தகம்–சீருடை, வேன். அட்மிஷன் தொகையைப் பள்ளிக்காரர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். கல்வியாண்டின் நடுவில் போனால் இங்கே கட்டிய பருவக் கட்டணமும் போய், அங்கே முழு ஆண்டுக் கட்டணமும் கேட்கலாம். டிசம்பரில் வேலையில் சேர வேண்டி வந்தால், ஆள் மட்டும் போய்விட்டுக் குடும்பம் ஏப்ரல், மேயில் போவது பெரும்பாலும் மலிவு. டி.சி.யில் (மாற்றுச் சான்றிதழ்) மாவட்டக் கல்வி அலுவலர் மேலொப்பம் கேட்கும் வெளிமாநிலப் பள்ளிகள் உண்டு. கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து வாங்கினால் இரண்டு நாள் சம்பளமும் ரயில் செலவும்.

மொழி: கர்நாடகத்தில் கன்னடம், கேரளத்தில் மலையாளம், மகாராஷ்டிரத்தில் மராத்தி, தெலங்கானாவில் தெலுங்கு பள்ளிகளில் கட்டாயம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் வைக்க வேண்டிவரும், அது மாதச் செலவு. ஐந்து வருடத்தில் திரும்பி வரும் எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளுக்கு எப்படித் தயாராவது என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால் இங்கே நின்று யோசிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான். நடுவில் இரண்டு வருடம் வெளியே படித்தால் எல்லாம் போய்விடும். நன்றாகப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த இழப்பு, சம்பளம் கூடும் 28,000-ஐவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. வெளியே படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு வரும்போது, இந்த மாநிலத்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். கர்நாடகத்தில் அந்த மாநில ஒதுக்கீட்டுக்கு ஏழு வருடம் அங்கே படித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. எட்டாம் வகுப்பில் போகிற பிள்ளைக்கு அது எட்டாது. ஆகவே சாதிச் சான்றிதழ், நேட்டிவிட்டி சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் போட்டு, கிளம்புவதற்கு முன் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி வேறு மாநில அரசின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

படி 7: வண்டி

டி.என். 72 வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு நெல்லை ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் வங்கி ஒப்புதல் வேண்டும், நிலுவை அபராதம் எதுவும் இருக்கக் கூடாது, காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். பிறகு அங்கே படிவம் 27, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி. இங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் அங்கே கட்டிவிட்டுத்தான் இங்கே கேட்க முடியும், அதுவரை பணம் முடங்கும். காருக்குக் கர்நாடக வரி கனமானது. வரி எவ்வளவு வரும் என்று அங்குள்ள ஆர்.டி.ஓ.வில் விசாரித்து எழுதுங்கள்.

ஆறேழு வருடம் ஓடிய ஸ்கூட்டர் என்றால் இங்கேயே விற்றுவிட்டு அங்கே அந்த மாநிலப் பதிவெண்ணில் பழைய வண்டி வாங்குவது பெரும்பாலும் மேல். கொண்டுபோவதானால் நெல்லை ஜங்ஷனில் ரயில் பார்சலில் போடலாம். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு போக வேண்டும்.

மத்திய, மாநில அரசு ஊழியர், வங்கி, பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு 2021-இல் வந்த பி.ஹெச். (பாரத்) பதிவெண் உண்டு. இரண்டு இரண்டு வருடமாக வரி கட்டலாம், மாநிலம் மாறும்போது பதிவெண் மாற்ற வேண்டாம். இடமாற்றம் அடிக்கடி வரும் வேலையென்றால், இதற்கு மாற்ற முடியுமா என்று கிளம்புவதற்கு முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் கேரளத்திலும் தெலங்கானாவிலும் இங்கேயுள்ளதைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூட.

படி 8: கைவிட்டுப் போகும் சலுகைகள்

ரேஷன்: இங்கே துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி இலவசம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும்தான். முன்னுரிமையற்ற அட்டை வெளியே செல்லாது. செல்லும் அட்டைக்கும் அங்கே தானியம்தான் கிடைக்கும், பருப்பும் எண்ணெயும் கிடைக்காது.

பஸ்: இங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தில் சக்தி திட்டமும் தெலங்கானாவில் மகாலட்சுமி திட்டமும் இருக்கின்றன, ஆனால் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஒப்பந்தம் போட்ட வாரமே ஆதார் முகவரியை மாற்றினால் சில நூறு மிச்சம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 வாங்கும் வீட்டில், அதை வருமானக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தனி மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர் பாலிசியில் "மண்டலம்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நெல்லை முகவரியில் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு மும்பையில் சிகிச்சை எடுத்தால், பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு.

படி 9: ஊர்க் கடமை

விலை ஒப்பீட்டு அட்டவணை எதிலும் இது இருக்காது. நம் பக்கத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் ஊர் விடாது. கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி கொடுத்தாக வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்கு எங்கிருந்தாலும் வந்தாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் விசேஷம் என்று வருடத்துக்கு நான்கைந்து. இங்கே இருந்தவரை பஸ் காசும் மொய்யும்தான் செலவு. இனி மொய்யோடு நான்கு பேர் டிக்கெட்டும் விடுமுறையும்.

பெங்களூருக்கு நாகர்கோவில் ரயில் நெல்லை வழியாக ஓடுகிறது. மும்பைக்கு தாதர்–திருநெல்வேலி சாளுக்கியாவும் நாகர்கோவில் ரயிலும். முன்பதிவு 60 நாளைக்கு முன்தான் திறக்கும். பங்குனி உத்திரம், பொங்கல், தீபாவளித் தேதிகளிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தவறவிட்டால் ஆம்னி பஸ்தான், திருவிழாக் கட்டணத்தில். நான்கு பேருக்கு ஒரு தடவை போய்வர இரண்டு விலை எழுதுங்கள்: ரயில் கிடைத்தால் ஒன்று, பஸ்ஸானால் ஒன்று. ஆண்டுக்கு நான்கு பயணத்தில் இரண்டு பஸ்ஸாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. மும்பைக்குப் பயணங்கள் குறையும். திடீர்ச் சாவுக்கு வர வேண்டி வந்தால் விமான டிக்கெட் ஒன்றே அந்த மிச்சத்தைத் தின்னும்.

அப்பா அம்மாவுக்கு அனுப்பும் தொகையையும் கூட்டி எழுதுங்கள். பக்கத்தில் இருந்தபோது நீங்களே கூட்டிப்போன ஆஸ்பத்திரிக்கு இனி ஆட்டோவும் துணைக்கு ஆளும் வேண்டும்.

படி 10: சாமான் ஏற்றுவது

மூன்று பேரிடம் விலை கேளுங்கள், மூவரும் வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்க வேண்டும். போனிலேயே விலை சொல்பவர் பாதி வழியில் கூட்டிக் கேட்பார். தனி வண்டியா, மற்றவர் சாமானோடு கலந்தா, மாடி ஏற்றிறக்கும் கூலி சேர்த்தா, ஜி.எஸ்.டி. சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். கேரளத்தில் சாமானை இறக்காமல் வேடிக்கை பார்த்ததற்கே கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் தடை; ஆனாலும் இறக்கும் ஆள் யார் என்பதை முன்பே பேசிவையுங்கள்.

எல்லாவற்றையும் கொண்டுபோகத் தேவையில்லை. பழைய கட்டில், பீரோ, கிரைண்டர் ஒவ்வொன்றுக்கும் "அங்கே பழையது வாங்கினால் எவ்வளவு" என்று பாருங்கள். கிரைண்டரை மட்டும் கொண்டுபோங்கள். இட்லி மாவைக் கடையில் வாங்க ஆரம்பித்தால் மாதம் ஆயிரம் ரூபாய் காணாமல் போகும்.

மொத்தமாகக் கூட்டினால்

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தையே மாதிரியாக எடுப்போம். பாளையங்கோட்டையில் மாதச் செலவு: வாடகை 9,000, அடுப்படி 11,000, மின்சாரம்–கேஸ்–நெட் 2,200, பள்ளி 5,000, போக்குவரத்து 2,500, மருத்துவம் 1,500, ஊருக்கு 3,000, சில்லறை 2,800. மொத்தம் 37,000. சம்பளம் 42,000-இல் மிச்சம் 5,000.

பெங்களூரில்: வாடகையும் பராமரிப்பும் 24,500, அடுப்படி 14,000, மின்சாரம்–தண்ணீர்–நெட் 3,000, பள்ளியும் வேனும் 12,000, போக்குவரத்து 4,500, மருத்துவம் 2,000, அப்பா அம்மாவுக்கு 5,000, ஊர்ப் பயணம் 3,500, சில்லறை 4,000. மொத்தம் 72,500.

ஒரு தடவைச் செலவு: லாரி 35,000, பள்ளி அட்மிஷன் 60,000, புரோக்கர் 22,000, காலி செய்யும்போது வெள்ளையடிப்புப் பிடித்தம் 22,000, திரைச்சீலையிலிருந்து கீசர் வரை 25,000. ஆக 1,64,000. இதை எத்தனை மாதம் அங்கே இருப்பீர்களோ அத்தனையால் வகுக்க வேண்டும். மூன்று வருடம் என்றால் மாதம் 4,556. ஒன்றரை வருடத்தில் திரும்பினால் 9,111. அட்வான்ஸ் முடக்கம் 770.

72,500 + 4,556 + 770 = 77,826. நெல்லையில் மிஞ்சிய அதே 5,000 மிஞ்ச வேண்டுமானால் கைக்கு 82,826 வர வேண்டும். 70,000 சம்பளம் மாதம் 7,826 பள்ளம். பேரம் பேசப் போகும்போது "கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று கேட்காமல் 83,000 என்ற எண்ணோடு போங்கள். சம்பளத்தைக் கூட்ட முடியாது என்றால் லாரிச் செலவு, முதல் 15 நாள் தங்குமிடம் இவற்றை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள்; பல இடங்களில் இதற்குத் தனி ஒதுக்கீடு இருக்கும், கேட்காதவருக்குச் சொல்வதில்லை.

இதே கணக்கில் மனைவிக்கு அங்கே 30,000 சம்பளத்தில் வேலை கிடைத்து, டேகேருக்கு 8,000 போனால் 22,000 கூடுகிறது; பள்ளம் மேடாகிவிடும். ஆகவே அவருடைய வேலை உறுதியாகும்வரை குடும்பத்தை நகர்த்தாமல் இருப்பதே பல வீடுகளுக்குச் சரியான முடிவு. ஒருவர் மட்டும் பி.ஜி.யில் (சாப்பாட்டோடு தங்கும் விடுதி) மூன்று மாதம் தங்கிப் பார்க்கலாம். இரண்டு அடுப்பு எரியும் செலவு அந்த மூன்று மாதத்துக்கு வரும்தான். ஆனாலும் 1,64,000 போட்டுவிட்டுத் திரும்பி வருவதைவிடக் குறைவு. அந்த மூன்று மாதத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேட்டையில் உண்மையான வாடகை, தண்ணீர், வேன் தூரம் எல்லாம் தெரிந்துவிடும்.

எல்லையோரத்தில் வீடு

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தவர் ஓசூரில் வீடு பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தவர் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பார்க்கலாம். குடும்பம் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் ரேஷன், 100 யூனிட், டி.என். பதிவெண், தமிழ்ப்பாடம், 7.5 சதவீதம் எல்லாம் கையில் நிற்கும். மாநில எல்லையைத் தாண்டுவது வேலைக்குப் போகிற ஒருவர் மட்டும்தான்.

இதற்கு விலை நேரம். முடிவு செய்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து அலுவலக வாசல் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள், மாலை ஆறு மணிக்குத் திரும்பியும் பாருங்கள். போக வர இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். மூன்றைத் தாண்டினால் ஒரு வருடத்துக்குள் பெங்களூருக்குள் வீடு மாற்றுவீர்கள், அந்த 1,64,000-ஐ இரண்டாவது தடவையும் எழுத வேண்டியிருக்கும்.